பெயர்ச்சீட்டில் பொய், உயிருக்கு உலை!

உண்ணும் சோற்றில் கல்லைக் கலப்பவன் பல்லை உடைக்கின்றான். நோயர் கையிற் கொடுக்கும் மருந்தில் பொய்யைக் கலப்பவனோ உயிரையே பறிக்கின்றான். முன்னவனைத் திருடன் என்கிறோம். பின்னவனை இன்னும் வணிகன் என்றே அழைக்கின்றோம்!

2010 மார்ச்சுத் திங்களில் சென்னையில் வெளிப்பட்ட கொடுமையைத் தமிழர் மறந்திருக்க மாட்டார். காலங்கடந்து கழிக்கப்பட்ட மருந்துகளைத் திரட்டி, பழைய நாளை அழித்து, புதிய நாளை இட்டு, மீண்டும் கடைகளுக்கே அனுப்பிய கூட்டமொன்று பிடிபட்டது. தேடுதல் தொடங்கியதும் மருந்துக் குவியல்கள் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் கொட்டப்பட்டன. குப்பைக்குப் போகவேண்டியது நோயர் குடலுக்குள் போயிருந்தது. பிடிபடுவோம் என்ற அச்சம் வந்த பின்னரே குப்பைக்குத் திரும்பியது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சிரீசன் நிறுவனம் ஆக்கிய 'கோல்ட்ரிப்' எனும் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அம்மருந்தில் 48.6 விழுக்காடு 'டைஎத்திலீன் கிளைக்கால்' எனும் நச்சுநீர்மம் இருந்தது தெரியவந்தது. அக்தோபரில் உரிமையாளர் சிறைப்பட்டார், உரிமமும் நீக்கப்பட்டது. இருமல் தீர்க்கும் என்று சொல்லியது சீட்டு. உள்ளிருந்த நஞ்சைச் சொல்லவில்லை.

இந்நஞ்சு நமக்குப் புதியதன்று. 1970-களின் தொடக்கத்தில் இதே சென்னையில் குழந்தைகளை விழுங்கியது இதுவே. 1986-இல் பம்பாய் மருத்துவமனையில் 14 பேரை மாய்த்ததும் இதுவே. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதுவே. அவ் அமெரிக்க நிகழ்ச்சியில் மொழிப்பற்றுடையார் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்றுண்டு. நச்சு மருந்தை விற்றது குற்றம் என்று சொல்ல அன்றைய சட்டத்தில் இடமில்லை. 'எலிக்சிர்' என்று சீட்டில் எழுதினால் அதில் சாராயம் கலந்திருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பொய் என்னும் ஒரு பிடியைக் கொண்டே அரசு வழக்காடித் தண்டம் பெற்றது. நூற்றுவர் சாவுக்கு அன்று சான்றாக நின்றது ஒரு சொல்! அவ்வெட்கம் தாளாமல் மறு ஆண்டே, 1938-இல், அந்நாடு புதுச்சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப்பொருள் சட்டம் 2008-இல் திருத்தப்பெற்றது. கலப்பட மருந்தாலோ போலி மருந்தாலோ உயிரிழப்போ கொடுங்காயமோ விளையுமாயின், பத்தாண்டுக்குக் குறையாத சிறை. அது வாழ்நாட் சிறையாகவும் நீளலாம். தண்டத்தொகை பத்து இலக்கம் உருபாவுக்கோ, பறிமுதலான சரக்கின் மும்மடங்கு மதிப்புக்கோ, எது மிகுதியோ அதற்குக் குறைதல் ஆகாது. அத்தொகை பாதிக்கப்பட்டவர்க்கோ அவர்தம் உறவினர்க்கோ சேரவேண்டும். 2003-இல் மசேல்கர் குழு தூக்குத்தண்டமே வேண்டுமென்றது. நாடாளுமன்றம் வாழ்நாட் சிறையோடு நின்றது.

ஆயின், இவ்வளவு கடிய சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. சீட்டிலுள்ள செய்தி பொய்யாயிருப்பின், அதனைத் 'தவறான பெயர்ச்சீட்டுடைய மருந்து' என்று சட்டம் தனிவகைப்படுத்துகின்றது. உரிமமின்றிச் சீட்டு மாற்றுபவனை உரிமமில்லா ஆக்குநனாகக் கொண்டு மூன்று முதல் ஐந்தாண்டு வரை சிறையிலிடலாம். அதனை விற்கும் கடைக்காரனுக்கோ ஓராண்டு முதல் ஈராண்டு; தண்டம் இருபதாயிரம் உருபாவுக்குக் குறையாமை; அவ்வளவே. அதனையும் பொறாத நடுவணரசு, 2023-இல் 'சன் விசுவாசு' எனும் திருத்தச் சட்டத்தால், அப்பிரிவுக் குற்றத்தைப் பணங்கட்டித் தீர்த்துக்கொள்ளும் குற்றங்களின் வரிசையிற் சேர்த்துவிட்டது. 'மக்கள் நம்பிக்கை' என்பது அவ் வடசொற்பெயரின் பொருளாம்! எம்மக்களின் நம்பிக்கை? மருந்தை வாங்குவோர் நம்பிக்கையா, விற்போர் நம்பிக்கையா?

தண்டம் ஒருபுறம் இருக்க, குற்றத்தை முதலிற் காணவேண்டியவர் யார்? மருந்தை வாங்குபவரே. உறையின்மேல் பெயர், தொகுதி எண், ஆக்கிய நாள், காலங்கடக்கும் நாள், உரிம எண் யாவும் இருக்கவேண்டும் என்பது விதி. இருக்கின்றன, ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில்! திருவள்ளூர்ச் சிற்றூர்த் தாய் ஒருத்தி தன் குழந்தைக்கு ஊட்டும் மருந்தின் நாளைத் தானே படித்தறிய வழியில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணி முடித்து, காய்ச்சலோடு கடைக்கு வரும் உழைப்பாளிக்கோ அந்த அட்டையும் முழுதாகக் கிடைப்பதில்லை. நான்கு வில்லைகளை வெட்டித் தருகின்றனர். நாள் பொறித்த துண்டு கடையிலேயே தங்கிவிடுகின்றது. படிக்கவியலாத சீட்டு எழுதாத சீட்டே. எழுதாத சீட்டில் பொய் சொல்வது யார்க்கும் எளிது.

மருத்துவத்தை நோயர், மருத்துவர், மருந்து, உடனிருந்து அதனைத் தருவோர் என நான்காக வகுத்த வள்ளுவர், நோயரையே முதலில் வைத்தார். நம் சீட்டுகளோ அம்முதல்வரை நீக்கி மற்றவரோடு மட்டும் பேசுகின்றன.

மருந்துப் பெயர்களைத் தமிழாக்கினால் குழப்பம் நேரும் என்று சிலர் முணுமுணுப்பர். பெயரை மொழிபெயர்க்க நாம் கேட்கவில்லை. பெயரைத் தமிழெழுத்திலும், நாளையும் அளவையும் எச்சரிக்கையையும் தமிழ்மொழியிலும் பொறிக்கவே கேட்கின்றோம். ஒவ்வொரு வில்லையின் பின்னும் நாள் இருக்கட்டும் என்கின்றோம். தில்லி இசையும்வரை காத்திருக்கவும் வேண்டா. அரசு மருத்துவமனைகளுக்குத் தான் வாங்கும் மருந்துகளில் இவ்வாறு பொறிக்கவேண்டும் என்று தமிழக அரசு ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நாள் திருத்திய மருந்தை விற்பது பணத்தால் தீரும் குற்றமாதல் ஒழியவேண்டும் என்று தமிழக உறுப்பினர் நாடாளுமன்றத்தில் முழங்கலாம்.

அன்பர்களே, நாமும் வாளா இருத்தல் ஆகாது. தொகுதி எண்ணும் நாளும் குறித்த விற்பனைச்சீட்டின்றி மருந்து வாங்காதீர்கள். அட்டையை வெட்டினால் நாளுள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஐயம் தோன்றின், கட்டணம் செலுத்தி அம்மருந்தை அரசு ஆய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கவும் சட்டம் இடந்தருகின்றது. உங்கள் தெருவில் எழுத்தறியா மூத்தோர் இருப்பின், அவர்தம் மருந்துகளின் நாளை இன்றே படித்துச் சொல்லுங்கள்.

தமிழ் கோயிலிலும் முறைமன்றத்திலும் ஒலிக்கவேண்டும் என்று போராடுகின்றோம், தகும். மருந்துச் சீட்டிலும் தமிழ் வரட்டும்! அங்கே அது மொழியுரிமை மட்டுமன்று, உயிருரிமை.