முதற் செய்தியும் முடிந்த தீர்ப்பும்

வியட்னாம் போரில் அமெரிக்கப் படை தோற்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியுமே அந்நாட்டைத் தோற்கடித்தன என்று மேற்கு நாடுகளின் பழைமை பேணும் அரசியலார் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூறி வருகின்றனர். நாமும் அப்பக்கத்துச் சிந்தனை உடையோமே. ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கொடுத்த வாக்குக் காக்கப்படல் வேண்டும், போரை எண்ணித் துணிந்தே தொடங்குதல் வேண்டும், பொதுவுடைமைப் படைகள் புகுந்த நாடுகளில் மக்கள் பட்ட பாட்டை மறத்தலாகாது என்பன எமது கொள்கைகள். ஆயினும் குற்றம் சாட்டுவோர் எம்மவர் என்பதற்காகச் சாட்டை விசாரியாது ஏற்றுக்கொள்ளல் முறையன்று. அதிலும், இக்குற்றச்சாட்டின் பெயரால் பின்வந்த அரசுகள் கைக்கொண்ட வழக்கம் எமது வாசற்படிவரை வந்து நின்றது. ஆதலின் வழக்கை அதன் முதல் நாளிலிருந்தே எடுத்து நோக்குவோம்.

1968ஆம் ஆண்டு சனவரி மாத இறுதி. ரெற் என்று வியட்னாமியர் அழைக்கும் புத்தாண்டுப் பெருநாள். பெருநாளை முன்னிட்டுப் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தது. தென் வியட்னாமியப் படையினருட் பலர் விடுமுறையில் வீடு சென்றிருந்தனர். அவ்வேளை பார்த்து, தென்னாட்டின் 44 மாகாணத் தலைநகர்களுள் 36இல் வியட்கொங் கெரில்லாக்களும் வட வியட்னாமியப் படையினரும் பாய்ந்தனர். தலைநகர் சைகோனில், 31ஆந் திகதி விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்னர், 19 பேர் கொண்ட குழுவொன்று அமெரிக்கத் தூதரகத்தின் வெளி மதிலை வெடிவைத்துத் துளைத்து வளவுக்குள் புகுந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அக்குழு முறியடிக்கப்பட்டது. அமெரிக்கர் ஐவர் மாண்டனர். தூதரகத்தின் தலைமைக் கட்டடத்துக்குள் வந்தவர்களில் ஒருவரேனும் காலடி வைக்கவில்லை.

அமெரிக்காவில் அது முன்னைய நாட் பிற்பகல். காலைப் பதிப்புகள் அச்சேறும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவிலே துவக்குச் சூட்டுக்கிடையே குந்தியிருந்த செய்தியாளர், அருகில் நின்ற இராணுவப் பொலிசார் கூறக் கேட்டதைத் தந்தியில் அனுப்பினர். பகைவர் தூதரகக் கட்டடத்துக்குள் புகுந்து கீழ்த் தளங்களைப் பிடித்துவிட்டனர் என்பதே அச்செய்தி. மாரி இரவில் குளம் வான் பாயும் இரைச்சலைக் கேட்ட ஒருவன், கட்டு உடைந்துவிட்டது என்று கூவியபடி ஊருக்குள் ஓடினான் எனக் கொள்வோம். அவன் பொய்யனல்லன்; அஞ்சினவன். விடிந்தபின் கட்டு உறுதியாக நிற்பதை ஊரவர் காண்பர். ஆனால் அதற்கிடையில் அயலூர்ச் சந்தையில் நெல்லின் விலை ஏறிவிட்டிருக்கும்.

காலை ஒன்பது மணி கடந்ததும் அமெரிக்கப் படைத் தளபதி வெஸ்ற்மோர்லண்ட் அவ்விடத்துக்கு வந்தார். கட்டடத்துக்குள் பகைவர் புகவில்லை என்றார். அவர் கூறியது உண்மை. அங்கு நின்ற செய்தியாளரோ அவரை நம்பவில்லை. இவ்விடத்திலேதான் எம்மவரின் குற்றப்பத்திரம் வழுக்கி விழுகின்றது. உண்மை கூறும் தளபதியை அவர்கள் நம்பாதது ஏன்? இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1967 நவம்பரில், அதே தளபதி வாஷிங்டனிற் பத்திரிகையாளர் மன்றத்தில் நின்று, பகைவரின் நம்பிக்கைகள் வற்றிவிட்டன, முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்ற கருத்துப்பட உரையாற்றியிருந்தார். அவ்வுரையைச் செய்வித்தது ஜோன்சன் அரசின் உள்நாட்டு அரசியல் தேவை. சொல்லின் மதிப்பை இப்படி முன்கூட்டியே செலவழித்தவருக்கு, மெய்யான தேவை வந்த நாளிற் கையிருப்பு ஏதும் இருக்கவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் பத்திரிகைகளுக்கும் அதில் பங்குண்டு. 1964 ஓகஸ்ட் 2ஆந் திகதி தொங்கின் வளைகுடாவில் வட வியட்னாமியப் படகுகள் அமெரிக்கக் கப்பலொன்றைத் தாக்கின, அது மெய். 4ஆந் திகதி மீண்டும் தாக்கின என்று அரசு அறிவித்தது, அத்தாக்குதல் நிகழவேயில்லை. அந்நாட் சைகைச் செய்திகள் பிழையாகக் கையாளப்பட்டன என்பதை 2005இல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் ஆவணங்களே காட்டுகின்றன. எனினும் 7ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 416க்கு எதிர்ப்பின்றியும், செனற் சபை 88க்கு 2 என்ற வாக்குகளாலும் ஜனாதிபதிக்குப் போர் செய்யும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தன. எதிர்த்து நின்றோர் மோர்ஸ், குறுயெனிங் ஆகிய இருவரே. அன்று பெரும் பத்திரிகைகள் கேள்வி கேட்டனவா? அரசின் கூற்றை அப்படியே அச்சிட்டன. போர் தொடங்கும்போது குறுக்கு விசாரணை செய்யாதிருந்தோர், போரின் நடுவிலே எதையும் நம்பாதோராயினர். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் என்பதே எமது கருத்து.

இனிப் போர்க்களத்தின் கணக்கைப் பார்ப்போம். ஹனோய் எதிர்பார்த்த மக்கட் கிளர்ச்சி தென்னாட்டில் எழவில்லை. பிடித்த நகரங்களில் ஹூவே தவிர்ந்த ஏனையவற்றைப் பெரும்பாலும் சில நாட்களிலேயே விட்டு அவர்கள் ஓட நேர்ந்தது. வியட்கொங் அடைந்த இழப்பு மிகப் பெரிது. அதன் பின் போரின் பாரம் மேன்மேலும் வட நாட்டு நிரந்தரப் படைகளின் தோளில் ஏறிற்று. அத்தாக்குதலில் முக்கிய பங்கு வகித்த தளபதி ட்றான் வான் ட்றா 1982இல் வெளியிட்ட நூலில், தாம் வகுத்த நோக்கங்கள் தமது வலிமைக்கு மீறியவை என்று ஒப்புக்கொண்டார். பகைவர் தாமே ஒப்புக்கொள்ளும் தோல்வியை அவர்களுடைய வெற்றியாக உலகம் படித்தது என்றால், எழுதினோரிற் பிழை இல்லையென்று எவ்வாறு கூறுவது?

ஹூவே நகரின் கதை இதனினும் கசப்பானது. பழைய அரச நகரான அதனைப் பகைவர் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கைக்கொண்டிருந்தனர். அவர்கள் விலகிய பின்னர், அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட உடல்கள் ஏறத்தாழ 2,800. கைகள் கட்டப்பட்டிருந்தனவும் அவற்றுள் இருந்தன. இக்கொலைகள் அமெரிக்க மக்களின் மனத்தில் எவ்வளவு இடத்தைப் பிடித்தன? பெப்ரவரி 1ஆந் திகதி சைகோன் தெருவில், கட்டுண்ட கைதி ஒருவனின் தலையிற் பொலிஸ் தலைவர் லோன் சுட்ட படம் பிடித்த இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. அந்தப் படம் பொய்ப்படமன்று. விசாரணையின்றி ஒருவனைக் கொல்வதை நாம் எந்நாளும் நியாயப்படுத்தோம். ஆயின் படப்பெட்டி சென்ற இடத்தில் நிகழ்ந்த ஒரு கொலை உலகை உலுக்க, படப்பெட்டி செல்லாத இடத்தில் நிகழ்ந்த ஆயிரக்கணக்கான கொலைகள் எண்ணாகவே நின்றுவிட்டன.

இதைக் கூறி நிறுத்துவோர் அரை வழக்கே நடத்துகின்றனர். அதே ஆண்டு மார்ச் 16ஆந் திகதி மை லாய் என்னும் ஊரிற் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக நூற்றுக்கணக்கானோரை அமெரிக்கப் படையினர் கொன்றனர். பகைவர் 128 பேர் போரில் மடிந்தனர் என்று இராணுவம் அறிக்கை விட்டது. செய்தித்தாள்கள் அதை நம்பி வெளியிட்டன. செய்மூர் ஹேர்ஷ் என்னும் செய்தியாளர் உண்மையை வெளிக்கொணர்ந்தது 1969 நவம்பரில், இருபது மாதங்கள் கழிந்த பின்னர். இப்படிப்பட்ட வேலையைச் செய்யும் பத்திரிகையாளரையும் தேசத்துரோகி என்று திட்டும் எம்மவரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

தொலைக்காட்சியில் மிகுந்த மதிப்புப் பெற்ற குறொங்கைற் 1968 பெப்ரவரி 27ஆந் திகதி, இப்போர் வெற்றி தோல்வியின்றித் தேங்கி நிற்கின்றது என்று தம் கருத்தைக் கூறியதையும், அதைக் கண்ட ஜோன்சன் மனமுடைந்து ஒரு வாக்கியம் சொன்னதாக வழங்கும் கதையையும் பலர் அறிவர். அவ்வாக்கியத்துக்கு உறுதியான சான்று கிடையாது. பத்திரிகையின் பிழைகளைச் சாடும் கட்டுரைகளிலேயே அது சான்றின்றித் திரும்பத் திரும்ப வருவதை என்னென்பது! கலப் நிறுவனம் 1967 ஒக்டோபரில் எடுத்த கருத்துக் கணிப்பில், வியட்னாமுக்குப் படை அனுப்பியது தவறு என்றோர் நூற்றுக்கு 47. தவறன்று என்றோர் 44. ரெற் தாக்குதலுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே மக்கள் மனம் திரும்பிவிட்டது. பிள்ளைகளை அனுப்பிய தாய் தந்தையர் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் சவப்பெட்டிகளை எண்ண வேண்டும் என்றில்லையே.

ரெற் செய்திகளை முதன்முதலில் வரிவரியாக ஆராய்ந்து இரண்டு பெருந்தொகுதிகளாக 1977இல் வெளியிட்டவர் பீற்றர் பிறேஸ்ற்றப். அவர் அரசின் ஆளல்லர். வாஷிங்டன் போஸ்ற் பத்திரிகையின் சைகோன் அலுவலகத் தலைவராக அந்நாட்களில் அங்கேயே இருந்தவர். முதற் சில நாட்களின் குழப்பத்திற் கொண்ட முடிவைச் செய்தியாளர் பின்னர் வந்த உண்மைகளுக்கேற்பத் திருத்திக்கொள்ளவில்லை என்பதே அவர் கண்டது. பத்திரிகையின் பிழையைப் பத்திரிகையாளனே எடுத்துக் காட்டினான் என்பதை எம்மவர் ஏனோ வசதியாக மறந்துவிடுகின்றனர்.

நியாயத் தலத்திலும் இது ஒருமுறை ஏறிற்று. பகைவரின் எண்ணிக்கையை வெஸ்ற்மோர்லண்ட் வேண்டுமென்றே குறைத்துக் காட்டினார் என்று சீபீஎஸ் நிறுவனம் 1982 சனவரியில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அவர் 12 கோடி டொலர் நட்டஈடு கோரி வழக்கிட்டார். நிகழ்ச்சி தயாரித்தோர் நிறுவனத்தின் விதிகளையே மீறினர் என்று நிறுவனத்தின் உள்விசாரணை கண்டது. மறுபுறம், தளபதியின் கீழ்ப் பணியாற்றிய அதிகாரிகளே கூண்டிலேறி அவருக்கு மாறாகச் சாட்சி கூறினர். யூரிமார் முடிவு கூறுவதற்குச் சில நாட்களுக்கு முன், 1985 பெப்ரவரியில், தளபதி வழக்கை மீட்டுக்கொண்டார். நாம் இதை வாசிக்குந்தோறும் தொழில் முறையில் வருந்துவதுண்டு: இரு தரப்பும் தீர்ப்புக்கு அஞ்சின.

இவற்றுக்கிடையே தென் வியட்னாமிய மக்களின் கதி யாதாயிற்று? 1973 சனவரியிற் பாரிஸ் உடன்படிக்கை. 1974இல் அமெரிக்கக் காங்கிரஸ் இராணுவ உதவியை 70 கோடி டொலராக வெட்டியது. 1975 ஏப்பிரில் 30ஆந் திகதி சைகோன் வீழ்ந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் வியட்னாமியர் படகேறி அயல்நாட்டுக் கரைகளை அடைந்தனர். கடலில் மாண்டோர் வேறு. வல்லரசின் வாக்கை நம்பி நெல் விதைத்தவர்கள் அவர்கள். அவ்வாக்கை முறித்தது செய்தித்தாளன்று. செலவு எவ்வளவு, காலம் எவ்வளவு என்று தன் மக்களிடம் முதல் நாளே உண்மை கூறாத அரசே முறித்தது. மக்கள் அறிந்து ஒப்பிய போரையே மக்கள் பொறுமையோடு நடத்துவர்.

ஆனால் உலகத்து அரசுகள் கற்ற பாடம் வேறு. பத்திரிகையாளனை உள்ளே விட்டதாலன்றோ வியட்னாம் போயிற்று என்று அவை முடிவு செய்தன. ரெற் காலத்தில் 600க்கு மேற்பட்ட செய்தியாளர் முன்தணிக்கையின்றி அங்கு திரிந்தனர். 1982இல் போக்லண்ட் தீவுகளுக்குப் பிரித்தானியக் கப்பற்படை தான் அனுமதித்த ஒரு சிலரையே கொண்டு சென்றது. 1983 ஒக்டோபரில் அமெரிக்கா கிறனேடாவிற் படையிறக்கியபோது முதலிரு நாட்கள் ஒருவரையும் விடவில்லை. 2023இல் தொடங்கிய காசாப் போரில், வெளிநாட்டுச் செய்தியாளர் சுயாதீனமாக உள்ளே செல்ல இடந்தரவேண்டும் என்று கோரிய மனுவை, பாதுகாப்பைக் காரணங்காட்டி இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் தள்ளுபடி செய்தது.

எமது வன்னியிலும் இதுவே நிகழ்ந்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. சுயாதீனச் செய்தியாளருக்குக் களத்தின் வாயில் அடைக்கப்பட்டது. பொதுமக்களின் இழப்புப் பூச்சியம் என்பதே தன் கொள்கை என்று அரசு கூறியது. 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. மக்களை வெளியேறவிடாது தடுத்தமைக்காக விடுதலைப் புலிகளையும் அக்குழு குற்றஞ்சாட்டியது. சைகோனின் முதற் செய்தி பிழையென்று பிறேஸ்ற்றப் நிறுவியது, அங்கே அனுப்பப்பட்ட நூற்றுக்கணக்கான செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே. முள்ளிவாய்க்காலுக்கு அத்தகைய ஒப்பீடு செய்யப் போதிய செய்தியே இல்லை.

களத்தினுள் இருந்து எண்களைக் கூறியோருள் அரச மருத்துவர் சிலர் முக்கியமானவர்கள். போர் முடிந்ததும் அவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். 2009 யூலை 8ஆந் திகதி அவர்களுள் ஐவர், தாம் முன்னர் கூறிய எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று காவலில் இருந்தபடியே கூறினர். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பொலிஸ் காவலில் உள்ளவன் நீதவானின் நேர் முன்னிலையிலன்றி அளித்த குற்ற ஒப்புதலை ஏற்பதற்கில்லை என்கின்றது. மருத்துவர்கள் பேசியது நீதவானுக்கு முன்னால் அன்று. கொழும்பிற் கூட்டப்பட்ட செய்தியாளர் மாநாட்டில். வன்னிக்குச் செல்லலாகாது என்று தடுக்கப்பட்ட செய்தியாளர்கள், அன்று மட்டும் அழைக்கப்பட்டிருந்தனர்.