வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு?



"நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று கூறி, காரிலுள்ள தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பணிமனைகள் சிலவற்றில் உண்டு. அதனால் என்ஜின் கொதிக்காது என்பது அவர்கள் எண்ணம். அதன் பின்னர் பெட்ரோல் செலவு கூடுவதை எவரும் இதனோடு இணைத்துப் பார்ப்பதில்லை.

தெர்மோஸ்டாட் என்பது என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையேயுள்ள சிறு கதவு. அதனுள் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களில் தண்ணீரின் வெப்பம் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்லாததால், என்ஜின் விரைவில் பதமான சூட்டை அடையும்.

இச்சூட்டுக்கும் எரிபொருள் கலவைக்கும் என்ன தொடர்பு? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது. எனவே கூடுதலாக ஊட்ட வேண்டியுள்ளது. 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரில் இதற்காகவே சோக் குமிழை இழுத்தோம். இன்றைய கார்களில், தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கொண்டு கணினியே பெட்ரோலைக் கூட்டுகிறது. தெர்மோஸ்டாட் இல்லையெனில், அல்லது மிகக் குறைந்த டிகிரியில் திறப்பதைப் பொருத்தினால், நெடுந்தூரம் ஓடிய பின்னரும் தண்ணீர் உரிய சூட்டை எட்டாதிருக்கலாம். என்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதிக் கணினி பெட்ரோலை மிகுதியாகவே செலுத்தும். மிகுந்த பெட்ரோல் ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும். ஆயிலில் கலந்து அதனை நீர்க்கச் செய்யும்.

என்ஜின் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, விசிறி, வாட்டர் பம்ப், கசிவு ஆகியவற்றை ஆராயச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டின் மீது ஐயமிருப்பின், சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் தண்ணீருடன் இட்டுச் சூடேற்றுங்கள். அதில் பொறிக்கப்பட்ட டிகிரியை ஒட்டித் திறக்காவிடில், கார் நிறுவனம் குறிப்பிட்ட அதே டிகிரியில் புதியது வாங்குங்கள்.

வீண்விரயம் மார்க்கம் தடுத்த செயல். பணிமனை நடத்தும் சகோதரர்களே! பிறர் வாகனம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உரிமையாளர் அறியாமல் அதன் பாகத்தை அகற்றுவது அமானிதம் பேணுவோர்க்கு அழகன்று. வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் தொழிலிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.