அந்த நாலாவது வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விடயம்.

இசட் புள்ளி குறைந்து, பொறியியல் பீடம் தவறி, பௌதிக விஞ்ஞானம் கிடைத்தால் வீடே மையத்து வீடு மாதிரி ஆகிவிடுகிறது. "மூணு வருஷத்தில முடிச்சிட்டு ஒரு வேலையப் பாரு" என்கிறோம். பெண் பிள்ளையென்றால் இன்னும் அவசரம்.

குறைகடத்தி, லேசர், சூரியக் கலம் என்று போகும் பொறியியற் பௌதிகவியலில் முதுமாணி செய்யப் பொறியியல் பட்டம்தான் வேண்டுமென்றில்லை. நல்ல பௌதிகவியல் பட்டமும் போதும். ஆனால் எந்தப் பட்டம் என்பதில்தான் விடயமே இருக்கிறது. நமது நாட்டின் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட், 5ஆம் மட்டம். நான்கு வருட ஸ்பெஷல் டிகிரி 120 கிரெடிட், 6ஆம் மட்டம். ஆய்வு செய்யப் பழகுவது அந்தக் கடைசி வருடத்தில்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் முதுமாணிக்கு நான்கு வருடப் பட்டத்தையே கேட்கின்றன.

இங்கேயும் முதுமாணி எல்லாம் ஒன்றல்ல. பாடநெறி மட்டும் என்றால் 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்தால் 60. கலாநிதிப் பட்டம் வரை போக நினைப்பவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வருடத்தோடு நின்றவருக்குக் கதவு பூட்டவில்லை. ஆனால் சுற்றித்தான் வர வேண்டும், காலமும் காசும் போகும். ஸ்பெஷலுக்குப் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றைப் பார்த்தே எடுப்பார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே பிள்ளைக்குத் தைரியம் சொல்லுங்கள். வேலையும் கல்யாணமும் ஒரு வருடம் பொறுக்கும், இன்ஷா அல்லாஹ்.