உப்பிட்டவர் தவறு செய்தால்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ராத்திரி 'ஷிப்டு' முடிந்து வரும் தொழிலாளி முதலில் எதைத் தேடுகிறார்? சூடான இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். அதைக் கொடுத்த கையை அவர் மறப்பதில்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

நல்ல குணம்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை வேண்டாமா?

இந்தக் கேள்வியை எழுப்பிய வழக்கு ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி கோர்ட்டில் நடந்தது. சரவணபவன் ஓட்டல் அதிபர் பி.ராஜகோபால் மீதான கொலை வழக்கு அது.

ராஜகோபால் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை கே.கே.நகரில் மளிகைக் கடை வைத்தார். 1981-ல் ஓட்டல் தொடங்கினார். சுத்தம், சுவை இரண்டாலும் புகழ் பெற்றார். தொழிலாளர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். மருத்துவ உதவியும் செய்தார். அவர்கள் அவரை "அண்ணாச்சி" என்று அன்போடு அழைத்தார்கள்.

அதே அண்ணாச்சி, தம்மிடம் வேலை பார்த்தவரின் மகளை மணக்க ஆசைப்பட்டார். அந்தப் பெண்ணோ ஏற்கனவே மணமானவர். கணவர் பிரின்ஸ் சாந்தகுமார் 2001-ல் கடத்திக் கொல்லப்பட்டார். உடல் கொடைக்கானல் மலைக்காட்டில் கிடைத்தது.

2004-ல் பூந்தமல்லி கோர்ட்டு ராஜகோபாலுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2009-ல் ஐகோர்ட்டு அதை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஜூலையில் அவர் ஆம்புலன்சில் வந்து சரண் அடைந்தார். சில நாட்களில் இறந்தும் போனார்.

கவனியுங்கள். அவருடன் தண்டனை பெற்றவர்களில் அவரிடம் சம்பளம் வாங்கியவர்களும் உண்டு. "இது வேண்டாம், அண்ணாச்சி" என்று ஒருவர் உறுதியாகத் தடுத்திருந்தால்? ஓர் உயிர் பிழைத்திருக்கும். அவர் பெயரும் பிழைத்திருக்கும்.

அமெரிக்காவில் பவுலா டீன் என்று ஒரு சமையல் கலை அம்மையார். டெலிவிஷனில் பெரும் புகழ் பெற்றவர். கறுப்பு இன மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லை முன்பு பயன்படுத்தியதாக ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டார். அது 2013 ஜூனில் வெளியே தெரிந்தது. சில நாட்களிலேயே டெலிவிஷன் நிறுவனம் அவரைக் கைவிட்டது. அங்கே ஒரு சொல்லுக்கு அந்தக் கதி. இங்கே கொலை வழக்கில் தண்டனை வந்த பிறகும் ஓட்டல் கிளைகள் வெளிநாடுகளில் பெருகின!

அப்படியானால் அந்த ஓட்டலில் சாப்பிடுவது பாவமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த இட்லிக்கு மாவு அரைத்தவர், இலை போட்டவர், பாத்திரம் துலக்கியவர் எல்லாம் நம்மைப் போன்ற ஏழைகள். அவர்கள் வயிற்றில் அடிப்பது நியாயம் அல்ல.

ஆனால் "சாம்பார் நன்றாக இருக்கிறது, ஆகவே மனிதரும் நல்லவர்தான்" என்று பேசுவது பாவம். கணவனை இழந்த பெண்ணின் கண்ணீருக்கு அந்தச் சாம்பார் ஈடாகுமா?

இன்றும் புகழ் பெற்ற சமையல்காரர்கள் மீது புகார்கள் வருகின்றன. வதந்தியை நம்பி யாரையும் தூற்ற வேண்டாம். புகழைப் பார்த்து யாரையும் காப்பாற்றவும் வேண்டாம். நீதி தீர்ப்புச் சொல்லட்டும்.

பிள்ளைகளுக்கு உப்பின் அருமையைச் சொல்லிக் கொடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: உப்பிட்டவருக்கு நன்றி சொல்லலாம், உழைப்பைக் கொடுக்கலாம். மனச்சாட்சியை மட்டும் கொடுக்கக் கூடாது.