தலைதீபாவளிக்குத் தூண்டில்!

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அதில் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"என் பெண்ணுக்குச் சென்ற தை மாதம் விவாகம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்து ஹாரிஸ்பர்க் பட்டணத்தில் உத்தியோகம். தலைதீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். மோதிரம் வேண்டாம், கைக்கடிகாரம் வேண்டாம், ஆற்றில் 'பாஸ்' மீன் பிடிக்க நல்ல தூண்டில் வேண்டும் என்கிறார்! நாங்களோ மரக்கறிக்காரர்கள். அதுகூடப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் ஆற்றுக்குப் போய்விடுகிறாராம். என் பெண் தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். தூண்டிலையும் நானே வாங்கிக் கொடுத்து அவளை இன்னும் தனியாக்குவதா?"

சகோதரி, உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். என் சின்ன அண்ணா அந்த ஊரில்தான் குடியிருக்கிறான். அவன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது நானும் முதலில் உங்களைப் போலத்தான் மூக்கில் விரலை வைத்தேன். மன்னி என்னைக் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில் இருந்ததில்லை!

அந்த ஆற்றுக்கு ஸஸ்க்வஹானா என்று பெயர். ஹாரிஸ்பர்க் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு மைல் அகலம். ஆனால் கோடையில் பல இடங்களில் முழங்கால் ஆழந்தான். எங்கே பார்த்தாலும் பாறை. 1902-ல் கட்டிய ராக்வில் ரயில் பாலம் நாற்பத்தெட்டுக் கல் வளைவுகளோடு குறுக்கே நிற்கிறது. பாறைகளுக்குப் பின்னால் நீர் சுழன்று அடங்கும் இடங்களில்தான் 'சின்னவாய் பாஸ்' மீன் காத்திருக்கும். இந்த மீன் அந்தப் பக்கத்து ஆறுகளுக்குக் குடிவந்த மீன். பக்கத்திலுள்ள பொடோமாக் நதிக்கு 1854-ல் இது வந்த விதத்தைக் கேளுங்கள்: ரயில் எஞ்ஜினுக்குத் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டியில் போட்டு, டிக்கெட் இல்லாமல் கொண்டுவந்து விட்டார்களாம்!

இனிக் கடைக்குப் போவோம்.

முதலில் கோல். நான் அண்ணாவின் பிறந்த நாளுக்காகக் கடைக்குப் போய், தடிமனாக, விலை அதிகமாக இருந்ததையே நல்லது என்று நினைத்து வாங்கிவிட்டேன். கடல் மீனுக்கு உரிய கோல் அது! கால் அவுன்ஸ் இரையை அதால் வீசிப் பார்த்தால் பத்தடிகூடப் போகவில்லை. கோணி ஊசியால் மஸ்லின் துணி தைத்தது போல ஆயிற்று. சின்னவாய் பாஸுக்கு ஆறரை முதல் ஏழடி நீளமுள்ள, நடுத்தர பலமுள்ள 'ஸ்பின்னிங்' கோல் போதும். நுனி மட்டும் சட்டென்று வளைய வேண்டும். அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். கைப்பிடிக்கு மேலே, எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை தாங்கும் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கோல், நரம்பு, இரை மூன்றும் ஊசி, நூல், துணி போல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

அடுத்தது நரம்பு. 1938-ல் டூபாண்ட் கம்பெனியார் நைலானை உலகத்துக்கு அறிவித்தார்கள். சீமாட்டிகளின் காலுறையாகவும், நம் வீட்டு நைலான் புடவையாகவும் வந்த அதே சரக்குதான் தூண்டில் நரம்பாகவும் ஆயிற்று. நம் கடற்கரையில் 'தங்கூஸ்' என்கிறார்களே, அதுதான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எட்டுப் பவுண்டு நைலான் நரம்பு உத்தமம். இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அவசரக் கைக்கு அது ஒரு ரக்ஷை. தேர்ந்தவர்கள் பின்னல் நரம்பு போடுகிறார்கள். அது மெல்லியது, பலமானது, நீளாது. மீன் தொட்டால் உடனே விரலுக்குத் தெரியும். ஆனால் தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்கும் தெரியும்! அதனால் கடைசியில் சில அடி நீளம் ஃப்ளூரோகார்பன் நரம்பை முடிந்துகொள்கிறார்கள். அது தண்ணீரில் அவ்வளவாகத் தெரிவதில்லை. ரீலில் ஒரு திருகு இருக்கும். எட்டுப் பவுண்டு நரம்பானால், இரண்டு பவுண்டு இழுப்புக்கே நரம்பு நழுவும்படி அதைத் திருகி வையுங்கள். விட்டுக் கொடுக்காத நரம்பு அறுந்து போகும். இதைக் குடும்பத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்!

மூன்றாவது பொய் இரை. கடையில் ஆயிரம் நிறம் மினுக்கும். அவற்றில் பாதி மனிதர்களைப் பிடிக்கச் செய்தவை. மூன்றே மூன்று போதும். ஒன்று, 'ட்யூப்'. உள்ளே கூடாக, வால் பக்கம் குஞ்சம் போலக் கிழிந்த மெத்தென்ற இரை. எட்டில் ஒரு பங்கு முதல் கால் அவுன்ஸ் வரை ஈயம் வைத்த முள்ளில் கோத்து, ஆற்றின் அடியில் தத்தித் தத்திப் போகவிட வேண்டும். இறாலைப் போல் உடம்பும் நண்டைப் போல் கொடுக்கும் உள்ள 'கிரேஃபிஷ்' என்ற பிராணிதான் பாஸுக்குப் பிரியமான பட்சணம். ட்யூப் அதைப் போலவே தோன்றும். இரண்டு, தண்ணீர் மேலே மிதந்து 'பளக்' என்று சத்தமிடும் 'பாப்பர்'. கோடைக் காலையிலும் மாலையிலும் அதற்கு மவுசு.

மூன்று, சின்ன மீன் வடிவ இரை. இதற்கு ஒரு கதை உண்டு. பின்லாந்து தேசத்தில் லௌரி ராப்பலா என்ற ஏழை மீன்காரர், 1936-ல் தக்கையைக் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, போட்டோ நெகடிவை உருக்கிப் பூசி ஒரு பொய் மீன் செய்தார். 1962-ல் மர்லின் மன்றோவின் படத்தை அட்டையில் போட்ட 'லைஃப்' இதழில் அந்த மீனைப் பற்றியும் கட்டுரை வந்தது. அவ்வளவுதான், அமெரிக்காவே அதற்கு அலைந்தது! தீபாவளி சமயத்தில் அந்த ஆறு குளிர ஆரம்பித்திருக்கும். பனிக்காலத்துக்கு முன்னால் பாஸ் நன்றாக மேயும். அப்போது இந்த இரைதான் கைகண்டது. தெளிந்த நீருக்கு இலைப் பச்சை, பழுப்பு. கலங்கிய நீருக்குப் பளிச்சென்ற நிறம் அல்லது கறுப்பு.

மரக்கறிக்காரர்கள் என்றீர்களே, அதற்கும் பதில் உண்டு. 2005-ல் அந்த ஆற்றில் பாஸ் குஞ்சுகள் நோய் கண்டு செத்து மிதந்தன. பிறகு நதியின் நடுப்பகுதியில், பிடித்த பாஸை உடனே விட்டுவிட வேண்டும் என்று மாகாணத்தார் விதி செய்தார்கள். ஆகையால் முள்ளின் நுனிக்குப் பின்னால் நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். மீனின் வாயிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். என் கட்டை விரலிலிருந்தும் அப்படித்தான் கழன்று வந்தது!

இன்னொன்று. வசந்த காலத்தில் பெண் பாஸ் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். கூட்டைத் துடைத்துச் சரி செய்வதும், முட்டையைக் காப்பதும், பொரித்த குஞ்சுகளுக்குக் காவல் நிற்பதும் தகப்பன்தான். அந்தச் சமயத்தில் அதைத் தூண்டிலில் இழுத்தால், மற்ற மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அந்த வாரங்களில் கூட்டுப் பக்கம் தூண்டில் போட வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கு எழுதுங்கள். வீட்டைக் காக்கும் ஆண்பிள்ளையைப் பற்றி மாமியார் எழுதினால் அவருக்கு வேறு சிலதும் புரியும்.

ஆகவே, சகோதரி, கோல் ஒன்று வாங்காதீர்கள். இரண்டாக வாங்குங்கள். விலை உயர்ந்த ஒன்றுக்குப் பதில் சுமாரான இரண்டு. கூடவே மிதவைச் சட்டையும் இரண்டு. பாறை வழுக்கும், ஹாரிஸ்பர்க்கில் டாக் தெருப் பக்கமுள்ள தாழ்ந்த அணை, பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தே பல உயிர்களைக் குடித்திருக்கிறது. அதன் பக்கமே போகக் கூடாது என்று கண்டித்து எழுதுங்கள். பதினாறு வயது நிறைந்தவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். அதையும் இரண்டாக வாங்கச் சொல்லுங்கள்.

முதல் மீனை உங்கள் பெண் பிடிக்கட்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் யார் யாரை எழுப்புகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்!