டம்ளர்ல என்ன பாஸ் ஊத்தப் போறீங்க?

அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபம் அப்பா பொறுப்பு, புடவை அம்மா பொறுப்பு, சமையல் காண்ட்ராக்ட் மாமா பொறுப்பு. கடைசியா உங்க பக்கம் திரும்பி, ‘கூல்டிரிங்ஸ் மேட்டரை நீயே பார்த்துக்கோ’ம்பாங்க. சின்ன வேலைதானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போறது உங்க டம்ளர்தான்!

முதல்ல, வர்றவங்க யாருன்னு யோசிங்க. அம்பத்தூர்லயோ ஆவடியிலயோ எலெக்ட்ரிக் ட்ரெயின்ல இறங்கி, ஷேர் ஆட்டோவுல நசுங்கி வர்ற பெரியப்பா. பூந்தமல்லியில பஸ் மாறி, கைக்குழந்தையோட வர்ற சித்தி. சித்திரை வெயில்ல அவங்களுக்குத் தேவை, குட்டிக் குடை சொருகின நீலக்கலர் கிளாஸ் இல்லை. தாகம் தீரணும், அவ்வளவுதான்.

அடுத்தது சர்க்கரை. 250 மில்லி கோலாவுல சுமார் 26 கிராம் இருக்கு, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல. ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள்ள நிறுத்தினா உடம்புக்கு நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லியிருக்கு. சுகர் மாத்திரை போடற தாத்தா, ‘எனக்கு ஒண்ணும் வேணாம்பா’ன்னு கையை ஆட்டிட்டு ஓரமா உக்காருவார். பந்தா இல்லை பாஸ், அவர் குடிக்கிற மாதிரி அங்கே எதுவுமே இல்லை! இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு, உப்பு கம்மியா ஒரு நீர்மோர் வைங்க. சபையில அவரும் ஒருத்தர்தானே?

கலர்ஃபுல்லாவும் வேணுமா? பன்னீர் சோடா இருக்கு, பொவன்டோ இருக்கு. பொவன்டோ, 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளிமார்க் கம்பெனி சரக்கு. (‘சரக்கு’ன்னதும் காதைத் தீட்டாதீங்க, அந்த மேட்டருக்குக் கடைசியில வர்றேன்.) 2017-ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட, மார்ச் 1-லேர்ந்து கோக், பெப்ஸி விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்கள் அறிவிச்சப்போ, நம்மூர் பாட்டிலுக்கெல்லாம் மறுபடி மவுசு வந்துச்சு.

கணக்கு சிம்பிள். ஆளுக்கு 150 மில்லின்னா 200 பேருக்கு 30 லிட்டர். பாதி மோர், பாதி கலர். கைவசம் அஞ்சு லிட்டர் எக்ஸ்ட்ரா. ரோஸ்மில்க்தான் வேணும்னு அடம்பிடிச்சா, ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள காலி பண்ணிடுங்க. பால் சமாச்சாரம், வெயில் சும்மா விடாது.

ஐஸ்ல ஏமாந்துடாதீங்க. சாப்பிடக் கூடாத ஐஸ்ல நீலச் சாயம் கலக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல சொல்லியிருக்கு. அதுக்காக வெள்ளையா இருக்கற பார் எல்லாம் சுத்தம்னும் நம்பிட முடியாது. பாட்டிலை ஐஸ்ல புதைங்க. ஐஸை டம்ளர்ல போடாதீங்க. பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், தண்ணி பாக்கெட் எல்லாத்துக்கும் 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல தடை. பாத்திரம் வாடகைக்கு விடற கடையில எவர்சில்வர் டம்ளர் சொல்லிடுங்க.

இப்போ அந்தச் ‘சரக்கு’ மேட்டர். ‘மச்சி, ட்ரீட் இல்லையா?’ன்னு ஒரு குரூப் கார் டிக்கியைச் சுத்தி நிக்கும். கல்யாண மண்டபத்துலயும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம்னு 2023-ல அரசு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த ஏப்ரல்லயே, ‘மண்டபத்துக்கு அனுமதி கிடையாது’ன்னு பின்வாங்கிடுச்சு. தவிர, தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விக்கவே கூடாது. உங்க கிளாஸ்ல பாதிப் பேர் அவுட்! குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டினா, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும்.

அதெல்லாம்கூட விடுங்க. பூந்தமல்லி ஹைரோட்டுல ராத்திரி லாரிக்கு நடுவுல பைக்ல போகப் போறது உங்க ஃப்ரெண்டு. அக்கா நிச்சயத்தன்னிக்கு அப்படி ஒரு போன் வீட்டுக்கு வரணுமா?

‘இங்கே அதெல்லாம் கிடையாது மச்சி, மோர் இருக்கு’ன்னு முதல் நாளே சொல்லிடுங்க. கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே... எல்லாரும் முழுசா வீடு போய்ச் சேர்ந்தப்புறம் போன் போட்டுப் பண்ணட்டும்!