கேட்டுக்கு உள்ளே ஒருவர், வெளியே வேறொருவர்

வல்லம் வடகால் சிப்காட்டில் கம்பெனிக்குள் கலர் பார்த்துத் தொட்டியில் குப்பை போடுகிறவர், ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் டீக் கப்பை ரோட்டோரம் வீசுகிறார். உடனே எல்லாரும் சொல்வது, "நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்ல சார்!"

சுத்தப் பொய். உள்ளே தெரிந்தது வெளியே வந்ததும் மறந்தா போகும்? உள்ளே தொட்டி இருக்கிறது, தப்பு செய்தால் கேட்க ஆள் இருக்கிறது. வெளியே இரண்டும் இல்லை. அதோடு, வெளியே கிடப்பது 'யாருடைய இடமோ' என்ற நினைப்பு வேறு.

இந்த நினைப்பு தொழிலாளிக்கு மட்டும்தானா? ஒரு காலத்தில் வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஊரே மண்வெட்டி எடுத்தது, ஏனென்றால் ஏரி நிறைந்தால்தான் சோறு. இன்று தண்ணீர் லாரியில் வருகிறது, ஏரி யாருக்கோ சொந்தம்! பக்கத்து செம்பரம்பாக்கம் 2015 டிசம்பரில் நிரம்பி வழிந்தது, 2019 கோடையில் வறண்டது. இரண்டு தடவையும் திட்டு வாங்கியது வானமும் அரசாங்கமும்தான்.

சரி, பிரசங்கம் செய்தால் மனசு மாறுமா? 2002ல் அயர்லாந்து பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஐரிஷ்காரர்கள் ஒரே ராத்திரியில் ஞானியாகிவிடவில்லை, காசு போனது, அவ்வளவுதான். இங்கேயும் 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். அப்புறம் கேட்க ஆளில்லாமல் பல குழிகள் தூர்ந்தன. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021ல் மஞ்சப்பைப் பிரச்சாரமும் வந்தது. ஆனாலும் கறிக்கடையில் கேரி பேக் கிடைக்கிறதே!

ஆக, சட்டம் பழக்கத்தைத் தொடங்கி வைக்கும். 'இது நம்ம ஊர்' என்ற எண்ணம் இருந்தால்தான் அது நிலைக்கும்.

2024 ஆகஸ்டில் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது நம்ம ஊர் என்று எப்படித் தோன்றும்? முதலில் கம்பெனிகளுக்குத் தோன்றட்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் உள்ளூருக்கு முன்னுரிமை. ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பதை விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே தொட்டி வைத்து, அள்ள ஆள் போட்டு, கால்வாயைத் தூர்வாரட்டும்.

அதற்குப் பிறகும் ஒருவர் கப்பை வீசினால், அப்போது தாராளமாகத் திட்டுங்கள்!